உடலுக்கா, உயிருக்கா?

கொல்லிமலையில் 'நாடு' என்றால் தேசமல்ல. சில சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி. ஆலத்தூர் நாடு அப்படி ஒன்று. கோரக்கர், காலாங்கிநாதர் என்ற சித்தர்களின் குகைகள் இருக்கிற மலை கொல்லிமலை. இங்கே சித்தர் பேச்சு எழுந்தால் கூடு விட்டுக் கூடு பாய்தலும் பின்னாலேயே வந்துவிடும்.

அந்த வித்தையை இன்று தினமும் நடத்துவது டேட்டா சென்டர்.

ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. சர்வர் ஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரர். உள்ளே தனித்தனியாக இயங்கும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள் கெஸ்ட், விருந்தாளிகள். ஓடிக்கொண்டிருக்கும் விருந்தாளியை நிறுத்தாமலே அடுத்த சர்வருக்குப் பெயர்க்கலாம்; அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்படியானால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வாங்கும் லைசென்ஸ் யாருக்கு? விட்டுப்போன உடலுக்கா, பெயர்ந்துபோன உயிருக்கா?

இந்த வழக்கு தமிழுக்குப் புதிதல்ல. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துபோகிறான். மாடுகள் அவனைச் சுற்றிக் கதறுகின்றன. அந்த வழியே வந்த சிவயோகி மனம் இளகித் தன் உடலை மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மாலையில் மூலனின் மனைவி வந்து கணவன் என்று உரிமை கோருகிறாள். தனக்கும் அவளுக்கும் உறவில்லை என்கிறார் யோகி. ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்க்கிறார்கள். இவர் யோகத்தில் நிற்பவர், இல்லறத்துக்குள் கட்ட முடியாது என்று அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். பெரியபுராணம் சொல்லும் திருமூலர் கதை இது. அவள் கேட்டது உடலின் மேல் உரிமை. பெரியவர்கள் பார்த்தது உயிரை.

மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் மனைவியின் கட்சியில் இருந்தது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டமான விண்டோஸ் சர்வரின் 2012 பதிப்பு பிராசஸரை எண்ணியது. 2016 பதிப்பு பிராசஸருக்குள் இருக்கும் கோர்களை எண்ணத் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் பதிப்பில் சர்வரின் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை லைசென்ஸ் வாங்கினால் இரண்டு விருந்தாளிகளுக்கு இடம். கூடுதலாக இருவர் வந்தால் அதே கோர்களுக்கு மறுபடியும் வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 கோர் கொண்ட இரண்டு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு விருந்தாளிகள். எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தால் மொத்தம் 64 கோர் லைசென்ஸ் போதும். ஒரு சர்வர் படுத்தால் அதிலுள்ள நால்வரும் மற்றதற்குத் தாவலாம் என்று ஏற்பாடு செய்தால், இரண்டுமே எட்டுப் பேருக்கும் தயாராக இருக்க வேண்டும்: 128. கூடு பாயும் சாத்தியத்துக்கே இரட்டை விலை. லைசென்ஸையும் கூடவே அனுப்பலாமே என்றால், பொதுவிதிப்படி 90 நாளுக்கு ஒருமுறைதான் அதை வேறு சர்வருக்கு மாற்றலாம். சர்வர் நிரந்தரமாகக் கெட்டால் மட்டும் விலக்கு.

2022 அக்டோபரில் நிறுவனம் ஊர்ப் பெரியவர்கள் பக்கம் சாய்ந்தது. சந்தாவோ, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற பராமரிப்பு ஒப்பந்தமோ வைத்திருப்பவர் விர்ச்சுவல் மெஷினையே எண்ணி லைசென்ஸ் வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 8 கோர். உயிருக்கும் இப்போது கணக்கு உண்டு, காணிக்கையோடு.

ஆலத்தூர் நாட்டுக்குத் திரும்பினால் மூன்றாவது விடை கிடைக்கிறது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் பொருந்தும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, அனுபவத்தில் உள்ள வன நிலத்துக்குக் கிடைக்கும் உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. மணமானவர் என்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். நிலம் வெளியாள் கைக்கு நழுவக் கூடாது என்பது நோக்கம். அதனால் உரிமை வம்சத்தோடு கட்டப்பட்டது. லைசென்ஸின் நோக்கம் விற்பவரின் வருமானம். அதனால் பிராசஸர், கோர், விர்ச்சுவல் மெஷின் என்று எண்ணக் கிடைப்பதோடெல்லாம் அது கட்டப்படுகிறது. 'ஒன்று' என்பது எது என்று தத்துவம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தமோ ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு விடையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறது.

எண்ணாமல் விடுவதும் ஒரு விடைதான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற திறந்த மூல ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனை உடல், எத்தனை உயிர் என்று கேட்பதில்லை.

விண்டோஸோடுதான் வாழ வேண்டும் என்ற அலுவலகம், எந்த விருந்தாளி எந்த சர்வருக்கெல்லாம் போகக்கூடும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். இடமாற்ற வசதியை அதன் பிறகு இயக்கலாம்.