காயம் பட்டபின் விழிக்கும் நஞ்சு

புழு தின்னும்போது செடி வாளா இருக்கிறது என்றே நெடுங்காலம் நாம் எண்ணியிருந்தோம். ஓரறிவுயிர்க்கு உற்றறியும் புலன் உண்டு எனக் கற்ற நாமும், உற்றறிந்தபின் அது யாது செய்யும் என்று வினவியதில்லை. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் கிளாரன்ஸ் ரையன், கிரீன் என்பாருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலையைக் கொலராடோ வண்டு கடித்தால், கடிபட்ட இலையில் மட்டுமன்றிக் கடிபடாத இலைகளிலும் ஒரு புரதம் விரைந்து பெருகுகிறது. தின்றதைச் செரிக்கவொட்டாமல் பூச்சியின் வயிற்று நொதிகளைத் தடுப்பது அப்புரதம். இலைக்கு இலை செய்தி பரவக் காரணமாகும், 18 அமினோ அமிலங்களாலான 'சிஸ்டமின்' என்னும் பொருளை 1991இல் ரையனின் குழுவினரே கண்டறிந்தனர்.

அப்புரதத்துக்குரிய மரபணு செடியில் முன்னரே உள்ளது. காயம் படும்வரை உறங்குகிறது. மரபணுவின் முன்னே நின்று அதனைத் திறக்கவும் மூடவும் வல்ல பகுதியைப் 'புரொமோட்டர்' என்பர். கதவின் தாழ் எனலாம்.

மனிதன் கைவைத்தது இந்தத் தாழின்மீதுதான். மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சுப் புரத மரபணுவைப் பருத்தியில் ஏற்றினர். அதுவே 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி. அதில் பொருத்திய தாழ், காலிபிளவரைத் தாக்கும் ஒரு வைரசுக்குரியது. எந்நேரமும் திறந்தே இருப்பது. புழு வரினும் வாராவிடினும் நஞ்சு சுரக்கும். இதற்கு மாறாக, காயத்தால் மட்டும் விழிக்கும் மக்காச்சோளத் தாழை அந்நச்சு மரபணுவோடு இணைத்து நெல்லில் ஏற்றிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. தண்டுத் துளைப்பான் கடித்ததும் நஞ்சு பெருகிற்று, பயிர் பிழைத்தது.

நம் இளைஞர் ஒருவர் இதனை அறிந்து மகிழ்ந்தார். "கடித்த உயிரை மட்டுமே செடி தண்டிக்கிறது. ஆதலின் இது விரோதி இம்சை, இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்படாதது" என்றார்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. நம் குடும்பங்கள் பலவும் உழுதுண்டு வாழ்பவை. தெளிப்பான் சுமந்தவர்கள் நாம். மருந்து அடித்த மறுநாள் வரப்பில் நடந்து பார்த்தவர்க்குத் தெரியும்: மாண்டு கிடப்பவை புழுக்கள் மட்டும் அல்ல, தேனீ உண்டு, சிலந்தி உண்டு, யாருக்கும் தீங்கு செய்யாத சிறு பூச்சிகளும் உண்டு. (நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயரிட்டு அழைப்பதில் நமக்குக் கூச்சமே இல்லை.) இதனோடு ஒப்பிட்டால், கடிக்கும் வரை காத்திருக்கும் செடி எவ்வளவோ மேல்.

ஆயினும் நம் ஐயம் தீரவில்லை. தக்காளி தன் இயல்பால் தன்னைக் காத்துக்கொள்வது வேறு. நெல்லுக்குள் தாழை அமைத்தவன் மனிதன். புழு பிறப்பதற்கு முன்னரே அதன் சாவை எண்ணி அமைத்தான். வினை வந்தடையக் காரணமாகும் செயல்களைத் தத்துவார்த்த சூத்திரம் 108 ஆக விரிக்கிறது. எண்ணித் துணிதலாகிய சம்ரம்பம், கருவி கூட்டுதலாகிய சமாரம்பம், செய்யத் தொடங்குதலாகிய ஆரம்பம் ஆகிய மூன்றும், மனம், மொழி, மெய் வழியாக, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்றாகி, நான்கு கஷாயங்களோடு பெருகி அத்தொகை ஆகின்றன. கருவி கூட்டி வைத்துவிட்டு உறங்கப் போனவனும் இக்கணக்கில் உளன். விதையை அறிந்து வாங்கி விதைத்தவரை உடன்பட்டவர் என்பதா, செய்வித்தவர் என்பதா? செய்வித்தவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. தெளிப்பவரினும் அவர் குறைவாகக் கொல்கிறார் என்பதை ஏற்கிறோம். கொல்வது செடியே, தாம் அல்லர் என்று அவர் கூறுவதை ஏற்க இயலவில்லை.

இன்னுமொன்று. பி.டி. பருத்தி விதை 450 கிராமுடன், நஞ்சில்லாப் பருத்தி விதை 120 கிராம் தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. வயலின் ஓரத்தில் அதனை விதைத்துப் புழுக்களை வாழவிட வேண்டும் என்பது அன்றைய விதியாக இருந்தது. அப்பகுதிக்குப் 'புகலிடம்' என்று பெயர்! அஞ்சி வந்த உயிர்க்கு அடைக்கலம் தருதலை அபயதானம் என்போம் நாம். இங்கோ, நஞ்சை எதிர்த்து நிற்கும் புழுவோடு எதிர்க்க மாட்டாத புழு கூடி, பிறக்கும் குஞ்சுகளை நஞ்சு தவறாது கொல்லவேண்டும் என்பதற்காகவே அடைக்கலம். காயத்தால் விழிக்கும் நஞ்சும் இதற்கு விலக்கன்று. கடித்தும் சாகாத புழு அங்கும் பெருகவே செய்யும்.

உழவர் பலர் அந்த 120 கிராமை விதைக்கவே இல்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்நஞ்சை உண்டும் வாழ்கிறது என்று 2010இல் விதை நிறுவனமே அறிவித்தது. பரணில் ஏறிய தெளிப்பான் மீண்டும் வயலுக்கு இறங்கிற்று.