கோணல் தையல்

வீட்டிலே உடை தைக்கப் பழகுவோர்க்கு, "பிழை நேர்ந்தால் அஞ்ச வேண்டாம், பிழையே ஆசான்" என்று அறிவுரை கூறுவோர் இன்று பலர். நல்ல அறிவுரைதான். ஆயினும் அதனை ஏற்குமுன் ஒரு வினாவை எழுப்புவது நம் கடன். பிழைபட்ட துணி யாருடையது? அது போனால் வேறு துணி உண்டா?

மண்கும்பானிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணக் கடைகளில் ஆயத்த ஆடைகளுக்குக் குறைவில்லை. பள்ளிச் சீருடையோ வேறு கதை. 1993 முதல் அரசு மாணவர்க்கு இலவசச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. இடையிற் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்தது. கைக்கு வருவது சட்டையன்று, துணி. அதுவும் அளந்த துணி. அழுக்கையும் பிசகையும் ஒருசேரக் காட்டும் வெள்ளைத் துணி. தையற்கூலிக்கு வழியில்லாத தாய் அதனைப் பாயில் விரித்து, பழைய சட்டையை மேலே வைத்து, பென்சிலாற் கோடிட்டுக் கத்தரியை எடுக்கிறாள்.

பிழைகளெல்லாம் ஓரினத்தன அல்ல. நூலின் பிழையைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். ஊசித் துளைகளும் கழுவக் கழுவ மறையும். கத்தரியின் பிழை அவ்வாறன்று. கழுத்தை ஓர் அங்குலம் ஆழமாக வெட்டிவிட்டால் அந்த அங்குலம் திரும்பி வராது. துணியை மடியாமல், ஒரே பக்கம் மேலிருக்க இரு கைகளையும் வெட்டினால் இரண்டும் இடக்கைக்கே உரியனவாகிவிடும். நல்லவேளையாக வெள்ளைத் துணிக்கு இரு புறமும் ஏறக்குறைய ஒன்றே; ஒன்றைப் புரட்டிப் பொருத்தலாம். பூப்போட்ட துணியில் அது நடவாது.

ஆகவேதான் அனுபவமுள்ள பெண்கள் முதலிற் பழைய சாரத்தில் வெட்டிப் பார்க்கிறார்கள். பொறியிலிடுமுன் கையால் நூலோட்டி, பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். தையலுக்கு உள்ளே சற்றுத் துணி விட்டு வைக்கிறார்கள். பிழையை ஏற்பது என்பது நேர்ந்தபின் அதைப் பார்த்துப் புன்னகைப்பதன்று. நேரும் என்று அறிந்து முன்னரே அதற்கு இடம் விடுவது. இறக்குமதி ஒடுக்கப்பட்ட 1970களின் முற்பகுதியில், கூட்டுறவுக் கடையில் துணிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு இக்கணக்கு நன்கு தெரியும். இடம் விடுவதற்கும் துணி வேண்டுமே! வறுமை பறித்துக்கொள்வனவற்றுள் பிழைசெய்யும் உரிமையும் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. மகன் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் எவரும் அவன் குணத்தை ஆராய்வதில்லை. மகளின் தையல் கோணினாலோ, "பொறுமையில்லாதவள்" என்று அவளையே அளந்துவிடுகிறோம். கோணியது நூல், தீர்ப்போ பெண்ணுக்கு!

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியபின் இலட்சக்கணக்கான பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். அங்கே ஒருத்தி நாள் முழுவதும் கழுத்துப்பட்டியையே தைப்பாள். மற்றொருத்தி கையை மட்டும் பொருத்துவாள். மணிக்கு இத்தனை என்பது இலக்கு. பிசகிய துண்டு குறையாக எண்ணப்படுமேயன்றி, அவளுக்கு எதையும் கற்பிப்பதில்லை. முழுச் சட்டையை அணிந்த உடலை அவள் காண்பதேயில்லை. வீட்டில் தைத்தவளின் பிழையோ மறுநாட்காலையிலேயே பிள்ளையின் தோளில் ஏறி நின்று, எங்கே தவறியது என்று சொல்லிவிடுகிறது.

போரிற் கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் பொறி வழங்குவது வடக்கில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. படமெடுத்துப் பொறியைக் கையளிப்போர், பழகிப் பாழாக்குவதற்கென்று பத்து மீற்றர் துணியையும் சேர்த்துக் கொடுப்பார்களாயின் உதவி முழுமை பெறும்.

காலைக்கூட்டத்திற் சீருடையை மேற்பார்வையிடும் ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. துணி துவைத்திருக்கிறதா என்று பார்ப்போம். கழுத்துப்பட்டி ஒரு புறம் நீண்டிருப்பதைச் சபையறியச் சுட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை? பெண்பிள்ளைகளின் சட்டைகளில் கீழ்விளிம்பை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளர்ந்ததும் அடுத்த ஆண்டு அம்மடிப்பு அவிழ்க்கப்படும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். எத்தனை முறை மினுக்கினாலும் அது போவதில்லை. அக்கோட்டைப் பார்த்து வகுப்பில் யாரேனும் சிரிக்கும்போது, ஆசிரியரின் முகத்தையே அந்தப் பிள்ளை முதலிற் பார்க்கிறாள்.