வாழ்த்தப்படுபவரின் பொறுப்பு

2017 நவம்பரில், கோவை அவிநாசி சாலையில், பொழுது விடியும் முன் இருசக்கர வாகனத்தில் போன பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவில் வேலை, பெண் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக எழும்பிக்கொண்டிருந்த அலங்கார வளைவின் கட்டைகள் சாலைக்குள் நின்றன. அதில் மோதித்தான் விழுந்தார் என்றார்கள் உறவினர்கள். லாரி மோதியதே காரணம் என்றது காவல்துறை. வழக்குக்கு அந்த வேறுபாடு முக்கியம். அறத்தின் கேள்வி அதற்கும் முந்தையது: வண்டி ஓடும் தடத்தில் கட்டை நட யாருக்கு உரிமை உண்டு?

சட்டம் இல்லாமலில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழகச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. டிஜிட்டல் பேனருக்கு 2011-ல் தனி விதிகள் வந்தன. அனுமதி எண்ணைப் பேனரிலேயே அச்சிட வேண்டும். எத்தனை பேனரில் அந்த எண் இருக்கிறது என்று காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் வரை பார்த்துக்கொண்டே போகலாம்.

பேனர் வைப்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. லாரிப்பேட்டையில் மூட்டை தூக்குபவர் மகளின் சீருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறார். ஊர் அவர் குடும்பத்தை ஏறெடுத்துப் பார்க்கும் நாள் அது ஒன்றுதான். அச்சடிப்பவருக்கும் அதில்தான் பிழைப்பு. அந்த ஆசையைக் கேலி செய்வது தகாது. ஆனால் மண்டப வாசலிலும் சொந்த வீட்டு முன்னும் அதற்கு இடம் இருக்கிறது. நடைபாதையும் சாலை நடுத்திட்டும் போகிறவர் வருகிறவருடையவை. கொடுமை என்னவென்றால், அந்த எளியவரின் தட்டியை அவிழ்க்க மாநகராட்சி ஊழியருக்கு ஒரு நிமிடம் போதும். ஆளுங்கட்சியின் வளைவு என்றால் கை வராது. இடமாற்றத்துக்கு அஞ்சுவது மனித இயல்புதான். அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவரோ முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கர்.

அதனால் குற்றத்தை அதிகாரியோடு நிறுத்துவது சரியல்ல. "தொண்டர்கள் ஆர்வத்தில் வைத்துவிட்டார்கள்" என்பது தலைவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் திருமண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததும், பேனர் வைக்காதீர்கள் என்று கட்சிகள் வரிசையாக அறிக்கை விட்டன. ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. முன்பே ஏன் சொல்லவில்லை? இரண்டே மாதத்தில் கோவை கோல்டுவின்ஸ் அருகே கட்சிக் கொடிக்கம்பம் சாய்ந்தது; லாரியில் சிக்கிய ஒரு பெண் காலை இழந்தார்.

2023 ஜூன் முதல் தேதி, கருமத்தம்பட்டி அருகே, விளம்பரப் பலகை மாட்டும்போது இரும்புச் சாரம் காற்றில் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அது வணிக விளம்பரம். பலகையால் ஆதாயம் யாருக்கோ, அதற்காகச் சாரத்தில் ஏறியவர் கூலிக்காரர். எனவே நோட்டீஸ் முதலில் போக வேண்டியது கம்பம் நட்டவருக்கல்ல. விளம்பரமானால் அதைக் கொடுத்தவருக்கு, வாழ்த்தானால் படத்தில் கைகூப்பி நிற்பவருக்கு. தன் பெயரில் சாலையில் என்ன எழும்புகிறது என்று விசாரித்து, வேண்டாம் என்று சொல்லும் கடமை அவருடையது.