ஊன்றிய திருவடி



சமய வகுப்பில் ஐந்தொழில்களைச் சொல்லச் சொன்னால் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் மளமளவென்று வந்துவிடும். அருளலையும் யாராவது சொல்லிவிடுவார்கள். மறைத்தலுக்கு வரும்போதுதான் வகுப்பு அமைதியாகிவிடும். "கடவுள் எதுக்குண்ணா மறைக்கணும்? அருள் செய்றவர்தானே?" என்று ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி.

நடராசர் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும். எழுந்து போய் ஒரு தடவை பாருங்கள். உடுக்கை ஏந்திய கை படைக்கிறது. அபயம் காட்டும் கை காக்கிறது. தீ ஏந்திய கை அழிக்கிறது. தூக்கிய திருவடி அருள்கிறது. அப்படியானால் மறைத்தல் எங்கே? முயலகன் மேல் ஊன்றிய திருவடியில். மனவாசகங்கடந்தார் 'உண்மை விளக்க'த்தில் இப்படித்தான் சொல்கிறார். ஆட்டம் முழுவதற்கும் எடை தாங்குவது அந்தக் கால்தான். நமக்குப் பிடிக்காத தொழிலின் மேல்தான் ஐயன் நிற்கிறான்!

இதை இப்போது எழுதக் காரணம், தாமான் நெகாராவில் நாங்கள் நடத்திய முகாம். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காடு அது. கோலா தஹானில் தங்கினோம். காலையில் லூபோக் சிம்போனில் குளியல். தெம்பிலிங் ஆறு தே தாரிக் நிறம் என்றால், அதில் வந்து சேரும் தஹான் ஆறு தே-ஓ நிறம். உடம்பு சிலிர்க்கும் குளிர்ச்சி. பிள்ளைகளைக் கரையேற்றுவதே பெரிய பாடாகிவிட்டது.

பிறகு புக்கிட் தெரெசெக் ஏறினோம். 350 மீட்டர் உயரம்கூட இல்லாத சின்னக் குன்றுதான். பலகைப் படிகள், நடுநடுவே வேர்கள், சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர். "பத்துமலையில 272 படி ஏறுற நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம்" என்று கிளம்பியவர்தான் முதலில் உட்கார்ந்தார். காலில் ஏறிய அட்டைகளின் கதையை விட்டுவிடுகிறேன்.

எங்களோடு பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரும் வந்திருந்தார். போன தீபாவளிக்கு முன்னால் அம்மாவை இழந்தவர். கூட்டாளி வற்புறுத்தியதால் வந்தார். பேருந்தில் ஏறும்போதே என்னிடம், "அண்ணே, நடக்கச் சொன்னா நடக்கிறேன். சாமி கதை மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சரி என்றேன்.

மேலே வடக்கு நோக்கிய காட்சிமுனை ஒன்று இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து குனோங் தஹான் தெரியும். 2,187 மீட்டர், தீபகற்ப மலேசியாவிலேயே உயர்ந்த சிகரம். அன்று தெரியவில்லை. வழிகாட்டி கைநீட்டிய பக்கமெல்லாம் வெறும் வெள்ளை மேகம். கைப்பேசியை எடுத்தவர்கள் எல்லாம் மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்கள். தம்பி சிரித்தார். "பாத்தீங்களாண்ணே, உங்க சாமி மாதிரியேதான். அங்க இருக்கு இருக்குன்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில எத்தனை நாள் கூப்பிட்டேன் தெரியுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. (இந்த நேரம் பார்த்து ஒருவர் பையிலிருந்து சூடத்தை எடுத்தார். காட்டுக்குள் நெருப்பு வேண்டாம் என்று உள்ளே வைக்கச் சொன்னேன். பக்தி என்றாலும் காய்ந்த இலைக்குத் தெரியாது.) சற்று நேரம் கழித்து வழிகாட்டி மலாயில் சாதாரணமாகச் சொன்னார்: காலையில் நீங்கள் குளித்த தண்ணீர் அந்த மலைப்பக்கத்திலிருந்துதான் வருகிறது.

அவ்வளவுதான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேச்சை வளர்க்கவில்லை. இதை வைத்துக் கடவுளை நிரூபித்துவிட்டேன் என்று யாரும் கைதட்ட வேண்டாம். தாயை இழந்த பிள்ளைக்கு ஓர் ஆற்றைக் காட்டிக் கணக்கை முடித்துவிட முடியாது.

ஆனால் எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. மலையை மறைத்தது மேகம். ஆற்றுக்கு நீர் கொடுப்பதும் மேகம். மலை நன்றாகத் தெரியட்டும் என்று மேகமே இல்லாமல் செய்துவிட்டால், நாம் குளிக்க ஆறு ஏது? சைவ சித்தாந்தம் திரோதான சத்தி என்று சொல்வது இதைத்தான். உயிரின் மலம் பக்குவப்படும் வரை மறைத்து நிற்கும் சத்தியே, பக்குவம் வந்ததும் அருட்சத்தியாகிறது. மறைக்க ஒருத்தி, அருள ஒருத்தி என்று இரண்டு பேர் இல்லை.

இதைச் சாவு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்", "கர்மா" என்றெல்லாம் அந்தத் தம்பியிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோயிலுக்கு வராமல் போனதற்கு இறைவன் காரணமோ இல்லையோ, நம் வாய் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுந்தரரைப் பாருங்கள். திருவொற்றியூரை விட்டுப் பிரியேன் என்று சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவி நடந்து திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். உள்ளேதான் இருப்பதாகவும், அவர் தம் வழியே போகலாம் என்றும் பதில் வந்தது. வந்த ஆத்திரத்தை அப்படியே பதிகமாகப் பாடினார். கண் கேட்டவருக்கு அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண், ஆரூர் போன பிறகுதான் வலக்கண். அதுவரை நடை, கோல், பாட்டு. திருவெண்பாக்கத்து இறைவனுக்கு இன்றும் ஊன்றீசுவரர் என்றே பெயர்.

சுந்தரர் கதையில் மீறிய சத்தியம் ஒன்று உண்டு. அந்தத் தம்பி மீறியது எதுவும் இல்லை. அதனால் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். நான் எடுத்துக்கொள்வது, சாமியிடம் சண்டை போட்ட பாட்டையும் நம் பெரியோர் ஏழாம் திருமுறையில் வைத்துக் காத்தார்களே, அதைத்தான். பணிந்து பாடியவை மட்டும்தான் தேவாரம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டு வழிபாட்டில் திருவெண்பாக்கப் பதிகத்தைத்தான் பாடப் போகிறோம். பண் தெரியாவிட்டால் பரவாயில்லை, சேர்ந்து பாடினால் வந்துவிடும். புத்தகம் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சாமி மேல் கோபமாக இருக்கும் கூட்டாளி யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். திருநீறு பூசச் சொல்லி வற்புறுத்த மாட்டோம். தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்ணே" என்றிருக்கிறார்.