மறுபடி இறங்கும் தோள்: சுவடும் பொறுப்பும்

ஒருமுறை இறங்கிய தோள் மூட்டு மறுமுறை இறங்க, முதல் முறை வேண்டியிருந்த விசை வேண்டியதில்லை. முதலில் கபடிக் களத்தில் நீட்டிய கையை எதிரணி பிடித்து இழுத்ததில் மூட்டு விலகியிருக்கும். சில தடவைகளுக்குப் பிறகு, ஓடும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை உயர்த்தினாலே அது நழுவும். இன்னும் போனால், உறக்கத்தில் புரண்டு படுத்தாலே போதும். மருத்துவ நூல்கள் இதைப் 'பழக்க விலகல்' என்றும் குறித்து வந்தன. பழக்கம் என்பது அறநூல்களும் கையாளும் சொல். நடந்து முடிந்த செயல் அடுத்த செயலுக்கு எப்படி வழி வகுக்கிறது, அவ்வாறு எளிதாகிப்போன பிழைக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி என்ற பழைய தத்துவக் கேள்விகளை எலும்பிலும் குருத்தெலும்பிலும் வைத்துப் பார்க்க இந்த மூட்டு இடம் தருகிறது.

இடுப்பு மூட்டு உரலுக்குள் குழவி அமர்ந்ததைப் போன்றது. ஆழமான குழி, குறைந்த அசைவு. தோள் மூட்டோ அகல்விளக்கின் மேல் ஆரஞ்சுப் பழத்தை வைத்ததைப் போன்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் எந்த நேரத்திலும் குழியைத் தொட்டிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற நார்க் குருத்தெலும்பு வளையம், மூட்டு உறை, தசைநார்கள், சுற்றியுள்ள தசைகள் ஆகியவையே உருண்டையை இடத்தில் நிறுத்துகின்றன. கை எல்லாத் திசையிலும் சுழல்வது இந்த ஆழமின்மையால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் மிக அதிகமாக விலகுவது தோள் என்பதற்கும் அதுவே காரணம்.

விலகல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்புறமாக நேர்பவை. உருண்டை முன்னோக்கி வெளியேறும்போது லேப்ரத்தைக் குழியின் விளிம்பிலிருந்து பெயர்த்துவிடுகிறது. வெளியேறிய உருண்டையின் பின்பகுதி குழியின் முன்விளிம்பில் மோதிப் பள்ளம் விழுகிறது; இதை 1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரு எக்ஸ்ரே மருத்துவர்கள் விரிவாக விளக்கினர். ஒவ்வொரு விலகலும் விளிம்பைச் சிறிது உடைக்கிறது அல்லது தேய்க்கிறது. பள்ளத்தைச் சிறிது ஆழப்படுத்துகிறது. வழுவழுப்பான குருத்தெலும்பும் உராய்ந்து சேதமாகிறது. குழியின் அகலத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம் போய்விட்டால், கிழிந்த திசுவைத் தைப்பது மட்டும் பெரும்பாலும் போதாது. பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றை அங்கே பொருத்த வேண்டியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்புகளில் எலும்பு முளைகள் தோன்றி, மூட்டு இடைவெளி குறுகி, தேய்மானம் வெளிப்படுகிறது.

பழைய மருத்துவமும் இந்தத் துன்பத்தை நன்கறிந்திருந்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய கிரேக்க நூல், தோள் அடிக்கடி இறங்கியதால் விளையாட்டைக் கைவிட்டவர்களையும் போரில் திறன் இழந்து மாண்டவர்களையும் குறிப்பிடுகிறது. அதற்கு அது சொல்லும் மருத்துவம், அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்து, உருண்டை நழுவும் வழியைத் தழும்பால் அடைப்பது. சுசுருத சம்ஹிதை மூட்டு விலகலை ஆறு வகையாகப் பிரித்து, இறங்கிய தோளை உலக்கை கொண்டு தூக்கி அமர்த்திக் கட்டும் முறையைக் கூறுகிறது.

1923-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் பிளண்டெல் பாங்கார்ட் எழுதிய கட்டுரை சிந்தனையின் திசையைத் திருப்பியது. அதுவரை தளர்ந்த மூட்டு உறையை இறுக்குவதிலும் தசைகளை இடம் மாற்றுவதிலுமே பலர் முனைந்திருந்தனர். எலும்பிலிருந்து பெயர்ந்த லேப்ரம் தானாக ஒட்டாமல் இருப்பதே மூலக் குறை என்றார் பாங்கார்ட். 1906-இலேயே ஜெர்மானியரான பெர்த்தெஸும் இக்கருத்தைச் சொல்லியிருந்தார். மூட்டு மறுபடி இறங்குவதற்குக் காரணம் நோயாளியின் கவனக்குறைவோ பலவீனமோ என்ற எண்ணத்துக்கு இங்கே பதில் கிடைக்கிறது. ஆறாத சுவடு ஒன்று உள்ளே இருக்கிறது. அடுத்த விலகல் அந்த வழியாகவே வருகிறது.

இந்திய மரபு இதை மனத்தின் தளத்தில் முன்பே வகுத்திருக்கிறது. யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையில், மனத்தின் அசைவுகள் பதிவுகளை உண்டாக்குகின்றன. பதிவுகள் மீண்டும் அசைவுகளை எழுப்புகின்றன. இந்தச் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது. அந்தப் பதிவே சம்ஸ்காரம். பலமுறை தோள் இறங்கியவரின் கையை மருத்துவர் மெல்ல உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது, வலி தொடங்கும் முன்பே முகம் மாறும், தசைகள் இறுகும், மறுகை தானாக வந்து தடுக்கும். மருத்துவத்தில் இது அச்சச் சோதனை எனப்படுகிறது. சுவடு எலும்பில் மட்டுமன்றி மனத்திலும் பதிந்திருப்பதை அந்த ஒரு நொடி காட்டிவிடுகிறது.

சுவடே அடுத்ததை ஆள்கிறது என்றால் பொறுப்புக்கு இடம் எங்கே? அரிஸ்டாட்டில் தம் அறநூலில், எறிந்த கல்லைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் எறியாதிருக்கும் ஆற்றல் எறிந்தவனுக்கு இருந்தது என்று வாதிடுகிறார். இந்த விடை பொறுப்பைத் தொடக்கத்தில் வைக்கிறது. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்போது நுகர்ந்தே தீர வேண்டியது பிராரத்தம். நுகரும்போது புதிதாய்ச் சேர்வது ஆகாமியம். தோளுக்கு இந்தப் பகுப்பே நன்கு பொருந்துகிறது. தேய்ந்த குருத்தெலும்பு மீள்வதில்லை. அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த விலகல் இன்னும் வரவில்லை; தசைப் பயிற்சியாலும் தேவைப்பட்டால் அறுவையாலும் அதைத் தடுக்க வழி உண்டு. யோக சூத்திரத்தை இயற்றிய பதஞ்சலியும் இன்னும் வந்து சேராத துன்பத்தையே விலக்கத்தக்கது என்கிறார்.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. சுவீடனில் ஹோவெலியஸ் குழுவினர் முதல் விலகலுக்குப் பின் 223 தோள்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பாதிக்கும் மேற்பட்ட மூட்டுகளில் ஏதோ ஓர் அளவு தேய்மானம் தெரிந்தது. மறுபடி ஒருமுறைகூட இறங்காத தோள்களிலும் அது இருந்தது. ஆகவே தேய்மானத்தைக் கண்டு, அது நோயாளி சேர்த்துக்கொண்ட வினை என்று தீர்ப்பிடுவது தவறு. இளம் வயதில் முதல் விலகல் நேர்ந்தவருக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். அந்த வயதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

அச்சத்தால் மூட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் கேடு. முற்கால அறுவைகள் சிலவற்றில் முன்புறத்தை மிகையாக இறுக்கியதால் கை வெளிப்புறம் திரும்பாமல், உருண்டை பின்னோக்கி அழுந்தி, தேய்மானம் விரைந்தது. அசைவைக் காத்துக்கொண்டே நிலையை மீட்பதுதான் நல்ல மருத்துவத்தின் இலக்கு. தன்னை அடக்கக் கற்கும் மனிதனுக்கும் அதுவே அளவுகோல்.

நடந்ததன் சுவடு மறுபடி நேரும் பிழையை விளக்குகிறது. ஆனால் அடுத்த பிழையை விதித்துவிடுவதில்லை. முதல் விலகலுக்குப் பழி தேடுவதில் பயனில்லை. சுவடு இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, அடுத்தது வருமுன் அதைச் செப்பனிடுவதே மனிதனின் பொறுப்பு.