கழற்றிய பலகை

பழைய லேண்ட்ரோவரில் பெட்ரோல் பம்ப் மாற்றுவது பெரிய வேலை இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் இரண்டு நட்டு, இரண்டு குழாய். கழற்றி, ஒட்டியிருக்கும் கேஸ்கெட்டைச் சுரண்டி, புதியதை மாட்ட வேண்டியதுதான். ஆனால் எதை மாற்றுவது என்பதில்தான் புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஓயாத தகராறு.

1958இல் வந்த சீரிஸ் 2 வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோல் டயாப்ரத்தை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். திரும்பத் தள்ளுவது ஸ்பிரிங். கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கேட்ட அளவுதான் கொடுக்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படியில்லை. வண்டி கவிழ்ந்து கிடந்தாலும், தடுக்க ஒரு சுவிட்ச் வைக்காவிட்டால், அது பாட்டுக்குப் பெட்ரோலை இறைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே ஓடிய வண்டிதான், ஆனால் அதன் டயாப்ரத்துக்குப் பால்மரத்து ரப்பர் ஆகாது. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிப்போகும். நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான் தாங்கும்.

"புதுசாவே போட்டுடுங்கண்ணே, எதுக்குத் தலைவலி" என்பார்கள் வருகிறவர்கள். "தோலு கிழிஞ்சதுக்கு ஆளையே தூக்கிப் போடுவியா?" என்பார் மாமா. ரிப்பேர் கிட் வாங்கி டயாப்ரத்தை மட்டும் மாற்றுவார்.

தத்துவம் படித்தவர்களுக்குத் தீசியஸின் கப்பல் ஞாபகம் வரும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா? புளூட்டார்க் எழுதிவைத்த புதிர். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் ஒரு படி மேலே போனார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? நல்ல கேள்விதான். ஆனால் இரண்டுமே கப்பல்காரனின் கேள்வி. பலகைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது அதில் வரவே இல்லை.

பேராக்கில் வளர்ந்தவனுக்கு அது வராமல் இருக்காது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப்பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்கினார். எல்லாத் தோட்டத்தையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்பு வந்தது. மரம் மாறி, முதலாளி மாறி, ஆள் மாறினாலும் தோட்டத்துக்கு அதே பெயர். ஆவணத்தில் தொடர்ச்சி அறுபடவே இல்லை. லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்குத்தான் அறுபட்டது.

இரும்பையும் மனுஷனையும் ஒப்பிடலாமா? கூடாதுதான். பம்ப்புக்கு வலிக்காது. ஆனால் முதலில் ஒப்பிட்டது நான் இல்லை. விடியற்காலைப் பெரட்டில் தலைகளை எண்ணி, வராதவனுக்குப் பதில் இன்னொருவனை நிறுத்திய கணக்கு அது.

அதற்காகப் பழசையெல்லாம் கும்பிடும் ஆள் இல்லை நான். ஈப்போவில் இப்போது துரைமார் காலத்து அழகு நன்றாக விலைபோகிறது. அசல் பம்ப், அசல் பெயின்ட் என்று அலைபவர்களில் சிலருக்கு வேண்டியது வண்டி இல்லை, துரையின் இருக்கை. கிழிந்த டயாப்ரத்தோடு ஓட்டினால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும், பேரிங் தேயும். மாற்ற வேண்டியதை மாற்றித்தான் ஆகவேண்டும். கழற்றியதற்கு யார் பதில் சொல்வது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மாமா கழற்றியதைக் குப்பையில் போடுவதில்லை. கிழிந்த டயாப்ரத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பில்லோடு சேர்த்துக் கையில் கொடுப்பார்.

"இது எதுக்குண்ணே?"

"ஒன் வண்டில இத்தன வருஷம் ஓடுனது. எங்க கிழிஞ்சிருக்குன்னு பாத்துட்டு நீயே போடு."

பாதிப் பேர் பட்டறை வாசலிலேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள். சிலர் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.