வெண்ணெய் தடவிய தலைகள்

போன மாதம் எல்.ஆர்.டி.யில் என் பக்கத்தில் ஒரு கட்டுமானத் தொழிலாளி வந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து திரும்புகிறவர். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசு, வியர்வை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவனைப் போல நான் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன். இறங்கவில்லை. எனக்கு இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அப்படிக் குனிந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாம் படிவத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், என் தலையில் எண்ணெய் நாறுகிறது என்று சொல்லி வேறு இடத்துக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில், “எண்ணெ வேணாம்மா” என்றேன். “பரட்டத் தலையோடவா போவ? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் அம்மா. அவருக்கு எண்ணெய் வைத்த தலைதான் சுத்தமான தலை.

அந்த வாரம் நான் பழைய கெல்ட்டுகளையும் ஜெர்மானியர்களையும் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ரோமானியர்கள் காட்டுமிராண்டிகள் என்று சொன்ன மக்கள். படங்களில் அவர்கள் சிக்குப் பிடித்த தலையோடும் அழுக்கு முகத்தோடும்தான் வருவார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

ஆனால் சோப்புக்கான லத்தீன் சொல்லே முதலில் அவர்களைப் பற்றிய குறிப்பில்தான் வருகிறது. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, ‘சாப்போ’ என்பது கல்லியாவில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், கண்டுபிடிக்கப்பட்டது என்கிறார். ஆட்டுக் கொழுப்பும் பீச் மரச் சாம்பலும் சேர்த்துச் செய்வார்களாம். முடியைச் சிவப்பாக்கத்தான் அது. ஜெர்மானியர்களில் பெண்களைவிட ஆண்களே அதிகம் பயன்படுத்தினார்கள் என்றும் எழுதுகிறார். நம் ஊர்க் கடைகளில் மலாயில் ‘சபுன்’ என்று எழுதியிருப்பதும் அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். அப்போது ரோமானியர்கள் குளியல் மண்டபத்தில் உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகத் தகட்டால் அழுக்கோடு வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்!

ஜெர்மானியர்கள் எழுந்ததும் பெரும்பாலும் வெந்நீரில் குளிப்பார்கள் என்று டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். சூபி இன ஆண்கள் முடியைப் பக்கவாட்டில் வாரி முடிச்சுப் போடுவார்கள் என்றும் சொல்கிறார். 1948இல் வட ஜெர்மனியின் ஓஸ்டர்பியில் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த ஒரு மண்டையோட்டில் அந்த முடிச்சு கலையாமல் இருந்தது. 2003இல் அயர்லாந்தில் கிடைத்த ஒருவரின் தலைமுடியில் தாவர எண்ணெயும் பைன் பிசினும் கலந்த பூச்சு இருந்தது. இன்றைய ஹேர் ஜெல் மாதிரி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர் அவர். டென்மார்க்கின் விமோசேயில் கிடைத்த சீப்பு ஒன்றில் ரூனிக் எழுத்தில் ‘ஹர்யா’ என்று பொறித்திருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ரூனிக் எழுத்துகளில் அதுவும் ஒன்று. அந்த மக்கள் எழுதத் தொடங்கிய காலத்திலேயே சீப்பிலும் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் அழுக்கர் என்ற பெயர் போகவில்லை. ஸ்பெயினில் வாழ்ந்த கெல்டிபேரியர்கள் சிறுநீரால் பல் துலக்குகிறார்கள் என்று கவிஞர் கட்டுல்லஸ் கேலி செய்தார். ஆனால் ரோமாபுரியில் துணி வெளுக்கிறவர்களும் சிறுநீரைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் வெளுத்த ஆடையை உடுத்திக்கொண்டு அந்தப் பல்லைப் பார்த்துச் சிரிக்க முடிந்திருக்கிறது.

என்னை அதிகம் உறுத்தியவர் சிடோனியஸ் அப்பொல்லினாரிஸ். ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், கல்லியாவின் லியோன் நகரத்துப் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானிய இனமான பர்கண்டியர்கள் அப்போது அங்கே குடியேறியிருந்தார்கள். அவர்கள் தலையில் புளித்த வெண்ணெய் தடவுகிறார்கள், காலையிலேயே பூண்டும் வெங்காயமும் நாறுகிறது, இவர்கள் நடுவில் எப்படிக் கவிதை எழுதுவது என்று அவர் ஒரு கவிதையிலேயே புலம்புகிறார். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் டயோடோரஸ் கேலி செய்தது அதே கல்லியாவின் பிரபுக்களைத்தான். மீசை வாயை மூடிவிடுகிறது, சாப்பாடு அதில் சிக்கிக்கொள்கிறது, குடிப்பது வடிகட்டியில் இறங்குவது போல இறங்குகிறது என்று எழுதியிருந்தார். கேலிக்கு ஆளான மண்ணில் பிறந்தவரே, அடுத்து வந்தவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

சுத்தம் என்பதே வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. கை கழுவாவிட்டால் நோய் வரும். சிடோனியஸின் மூக்கும் பொய் சொல்லியிருக்காது. வெண்ணெய் புளித்தால் நாறத்தான் செய்யும். என் மூக்குக்கும் வியர்வை வாசம் உண்மையாகவே வந்தது. வாசம் வந்ததில் குற்றமில்லை. ‘இங்கே வியர்வை வாசம் அடிக்கிறது’ என்பதிலிருந்து ‘இவங்க இப்படித்தான்’ என்பதற்கு நான் எவ்வளவு வேகமாகப் போனேன் என்பதில்தான் குற்றம் இருக்கிறது. எட்டு மணி நேரம் வெயிலில் நின்று யாருக்கோ வீடு கட்டியவரின் வியர்வை அது. நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தவன். என் சுத்தத்தில் என் முயற்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது.

பட்ட அவமானம் நம்மை நல்லவர்களாக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். தானாக ஆக்குவதில்லை. சில சமயம் அது, எப்போது எழுந்து போக வேண்டும் என்பதை மட்டும்தான் கற்றுக்கொடுக்கிறது.

அன்று ஆறு நிறுத்தமும் நின்றுகொண்டேதான் வந்தேன். என் இடம் காலியாகவே இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கலாம்.